முகாம் வண்டிக்கு ஏற்ற நிழற்கூரை

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. பிற மாநிலங்களிலும் இவ்வகைப் பயணத்தில் நாட்டம் வளர்ந்து வருகிறது. காரின் பின்னே இழுத்துச் சென்று, கூரையை உயர்த்தித் தங்கும் முகாம் வண்டியை வாங்கும் வாடிக்கையாளர்கள், அதன் பக்கவாட்டில் நிழற்கூரை பொருத்துமுன் நான்கு செய்திகளைக் கருதுதல் நலம்.

முதலாவது எடை. நிழற்கூரையை உயரும் கூரையின் விளிம்பில் பொருத்தினால், ஒவ்வொரு முறையும் அதன் எடையையும் சேர்த்தே தூக்க வேண்டும். எனவே உலோகப் பெட்டியில் சுருளும் வகையைவிட, துணிப்பையில் சுருட்டி வைக்கும் வகையையே பரிந்துரைக்கிறோம்.

இரண்டாவது மழைநீர். 6 சதுர மீட்டர் துணியில் 5 மில்லிமீட்டர் மழை முழுவதும் தேங்கினால் 30 கிலோ சுமையாகும். தாங்கும் கால்கள் வளையக்கூடும். ஒரு காலைத் தாழ்த்திச் சரிவு அமைக்க இயலுமா என்று வாங்கும்போதே பாருங்கள். பலத்த காற்று வீசினால் உடனே சுருட்டிவிட வேண்டும்.

மூன்றாவது துணி. பருத்திக் கித்தான் கனமானது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நீர்புகாப் பூச்சிட்ட பாலியெஸ்டர் இலேசானது, விரைவில் உலர்வது.

நான்காவது காப்பீடு. பின்னர் பொருத்தும் துணைப்பொருள்களின் மதிப்பை வாகனக் காப்பீட்டில் தனியே குறிப்பிட்டால்தான் பொதுவாக அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். ஆகவே விலைச்சீட்டைப் பத்திரப்படுத்தி, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது அம்மதிப்பைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.