கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை: 2 பேர் போட்ட ராக் ஆல்பத்தால் மிரண்டு போன ரசிகர்கள்

ராக் பாட்டு என்றால் கிதாரும் டிரம்சும் இல்லாமல் வேலைக்கு ஆகாது என்பார்கள். ரெண்டுமே இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை முடித்துக் காட்டியவர்கள் நியூயார்க்கை சேர்ந்த ஆலன் வேகா, மார்ட்டின் ரெவ். குழுவுக்கு இவர்கள் வைத்த பேரே விவகாரமானது. 'சூசைடு', அதாவது தற்கொலை.

1970-ல் சேர்ந்த ஜோடி இது. வேகா பாடுவார், ரெவ் கீபோர்டு வாசிப்பார். தாளத்துக்கு ஆள் கிடையாது, மெஷின்தான். முதல் ஆல்பம் வர 7 வருஷம் ஆனது. 1977 டிசம்பரில் வந்த அதில் மொத்தமே 7 பாட்டு.

ஆளை உலுக்குவது 'பிராங்கி டியர்டிராப்'. 10 நிமிஷத்துக்கு மேல் ஓடும். பிராங்கிக்கு 20 வயசு, பேக்டரி தொழிலாளி. மனைவி, கைக்குழந்தை உண்டு. காலை 7 மணிக்குப் போனால் சாயங்காலம் 5 வரை வேலை. அப்படியும் சாப்பாட்டுக்கே பத்தவில்லை. வீட்டையும் காலி பண்ணச் சொல்கிறார்கள். விரக்தியில் மனைவி, குழந்தையை சுட்டுக் கொன்று தானும் செத்துப் போகிறான். நடுநடுவே வேகா அலறுகிறார் பாருங்கள், ராத்திரியில் தனியாக கேட்க முடியாது. மெஷின் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி பேக்டரி போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

1978 ஜூன் 16-ந்தேதி பெல்ஜியம் நாட்டு பிரஸ்சல்ஸ் நகரில், எல்விஸ் காஸ்டெல்லோ கச்சேரிக்கு முன்னால் இவர்கள் மேடை ஏறினார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. மைக்கையே பிடுங்கி விட்டார்கள். 23 நிமிஷத்தில் ஆட்டம் குளோஸ். அந்த ரகளை டேப்பில் பதிவாகி தனியாக வெளிவந்தது தனிக்கதை.

பின்னாளில் பிரபல பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனே இவர்களுக்கு ரசிகர் ஆனார். 1982-ல் வந்த அவரது 'நெப்ராஸ்கா' ஆல்பத்தில் 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டை கேட்டால் வேகாவின் பாதிப்பு தெரியும்.

வேகா 2016 ஜூலை 16-ந்தேதி தனது 78-வது வயதில் தூக்கத்திலேயே இறந்தார்.