டச் போன் நம்ம கைக்கு ஒத்து வருமா?



குழு வேலைக்கு ஒரு டச் போன் வாங்கலாமா என்று பல குழுக்களில் பேச்சு நடக்கிறது. கடையில் காட்டும்போது எல்லாம் சுலபமாத்தான் தெரியும். நம்ம கைக்கும் வேலைக்கும் அது ஒத்து வருமா என்பதை நாமதான் பார்க்கணும்.

டச் போனின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் இருக்கிறது. அதில் மிக மிகக் குறைவான மின்சாரம் இருக்கும். விரல் பட்டதும் அந்த இடத்தில் அது கொஞ்சம் மாறும். அதை வைத்துத்தான் தொட்ட இடத்தைப் போன் கண்டுபிடிக்கிறது. அதனால் அழுத்த வேண்டியதில்லை. நகத்தால் தட்டினால் கேட்காது. ஈரக்கையோடு தொட்டால் ஒன்றைத் தொட இன்னொன்று திறக்கும். களை எடுத்துக் காய்ப்புக் காய்ச்ச விரலுக்கும் சில நேரம் கேட்காது. அது உங்க குத்தம் இல்லை.

பட்டன் போனில் 5-ன் மேல் சின்ன மேடு இருக்கும், தடவியே எண்ணைக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடியில் அந்த வசதி இல்லை. 500-க்கு ஒரு சைபர் கூடினால் 5000! யுபிஐ-யில் போன பணத்தை நாமே திரும்ப எடுக்க முடியாது.

அதனால் வாங்கும் முன்பு ஒரு போனைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. போன் பழகாத ஒரு அக்காவிடம் கொடுங்க. தீர்மான நோட்டைப் படம் எடுக்கட்டும், சேமிப்புத் தொகையைப் பதியட்டும், 1 ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும். சுற்றி இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. (இதுதான் ரொம்பக் கஷ்டம்!) விரல் எங்கே தயங்குது, தப்பானால் திரும்பி வர வழி தெரியுதா என்று குறித்துக்கொள்ளுங்க. வெயிலில் நின்றும் பார்க்கணும்.

படம் எடுப்பது சீக்கிரம் வந்துவிடும். தமிழில் எழுதுவதுதான் இழுக்கும். அதற்கு மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும், போனே எழுதிவிடும். பணம் அனுப்பும்போது ரகசிய எண் போடும் முன் தொகையை இன்னொருவர் சத்தமாகப் படிக்கட்டும்.

ஊக்குநருக்கு மட்டும் தெரிந்த போன் என்றால் கணக்கும் அவர் கைக்குள்ளேயே போய்விடும். மற்றவர்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுவாங்க. குறைந்தது நாலு பேருக்காவது வரும் வரைக்கும் நோட்டுக் கணக்கை நிறுத்த வேண்டாம்.

டச் போன் சரிப்படாதவர்கள் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் வந்த ‘யுபிஐ 123பே’ இதற்குத்தான். வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணின் சிம் அந்தப் போனில் இருக்கணும்.