கொறங்காட்டு மேய்ச்சலில் இறைச்சிக் கோழி

காங்கேயம், தாராபுரம், மூலனூர் முதலிய பகுதிகளில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகள் தொன்றுதொட்டு இருந்து வருகின்றன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் செறிந்த இந்நிலங்கள் மாட்டுக்கும் செம்மறிக்கும் பெயர் பெற்றவை. இவற்றில் நாட்டுக் கோழியையும் இறைச்சிக்கென வளர்க்கலாமென்பது குடியானவர் அறியாததன்று. ஆயினும், அது பெண்டிரின் சில்லறை வரும்படியென்று கருதி நிலமுடையோர் அதிற் சிரத்தை கொள்வதில்லை.

பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் 1990-களிலிருந்து பெருகியுள்ள ஒப்பந்தக் கொட்டகைகளோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அங்கே குஞ்சு, தீனி, மருந்து யாவும் கம்பெனியாருடையவை. கொட்டகையும் உழைப்பும் குடியானவருடையவை. எடைக்குத் தக்கபடி வளர்ப்புக் கூலி கிடைக்கும். ஆறு வாரத்திற் பறவை இரண்டு கிலோவை எட்டும். மேய்ச்சலில் வளரும் நாட்டுக் கோழி ஒன்றரை கிலோ அளவுக்கு வர ஐந்து மாதமேனும் செல்லும். வேகத்தில் இது கொட்டகையை வெல்லப்போவதில்லை. செலவு சுருங்குவதும், பொரித்த குஞ்சுகளில் எத்தனை சந்தைக்குச் சேர்கின்றன என்பதுமே இதன் லாபத்தை நிர்ணயிக்கும்.

ஓர் அடைக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரிக்கும். முதல் மாதம் தாயும் குஞ்சும் பஞ்சாரத்தினடியிலேயே இருத்தல் வேண்டும். பருந்து, காகம், கீரி ஆகியவற்றுக்கு இரையாவன பெரும்பாலும் இப்பருவத்துக் குஞ்சுகளே. பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் அடைத்து, கறையானுள்ள மண்ணில் மாலையிற் கவிழ்த்து வைத்தால், விடியலில் திரண்டிருக்கும் கறையான் குஞ்சுகளுக்கு நல்ல தீனியாகும்.

வளர்ந்த கோழிகள் பகலில் மாடு மேயும் நிலத்திற் சாணத்தைக் கிளறிப் புழுவும் பூச்சியும் பொறுக்கும். ஆயினும், புல்லாலேயே கோழி கொழுக்குமென்று நம்புதல் தவறு. கோழி மாடன்று. மாலையில் கம்போ சோளமோ ஒரு கைப்பிடி இறைத்தால் எடையும் கூடும், கூட்டுக்குத் தாமே திரும்பும் பழக்கமும் உண்டாகும். வறண்ட காட்டில் ஏக்கருக்கு நூறு கோழிக்கு மேல் விடாதிருத்தல் நலம். இராக்கூட்டை ஆட்டுப்பட்டியைப் போல் இடம் மாற்றி வைத்துவரின் எருவும் பரவும், ஒரே மண்ணிற் குடற்புழு பெருகுவதும் குறையும்.

இவ்வளவும் செய்து, வெள்ளைக் கழிச்சலைக் கவனியாது விட்டால் உழைப்பு முழுவதும் வீணாம். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் காணப்பட்ட இந்நோய், மறு ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்றது. பச்சையும் வெள்ளையுமாய்க் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல் ஆகியன இதன் குறிகள். வந்தபின் மருந்தில்லை. குஞ்சின் ஏழாம் நாளில் லசோட்டா மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விட்டு, நான்காம் வாரத்தில் மறுமுறை கொடுத்து, எட்டாம் வாரத்தில் ஆர்2பி ஊசி போடுவித்தல் வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்குவது உசிதம். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொணர வேண்டும். வெயிலில் மடியிற் கட்டிக் கொணர்ந்த மருந்தைப் போடுவதும் போடாதிருப்பதும் ஒன்றே.

கிராம அதிகாரிகளின் உதவி இதில் இன்றியமையாதது. ஒரு வீட்டார் ஊசி போட்டு அடுத்த வீட்டார் போடாவிடில் அவ்வீட்டிற் கிருமி தங்கி, அடுத்து வரும் இளங்குஞ்சுகளைத் தாக்கும். ஆதலின் பங்குனிக்கு முன்னரே ஒரு நாள் குறித்து, கால்நடை மருந்தகத்தாரை வரவழைத்து, ஊர்க் கோழிகள் யாவற்றுக்கும் ஒருசேரப் போடுவித்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வைக்க வேண்டும். கோழி சாகத் தொடங்கியதும் எஞ்சியவற்றை அவசரமாய்ச் சந்தைக்கு அனுப்பும் வழக்கத்தாலேயே நோய் ஊர்விட்டு ஊர் பரவுகின்றது. இதனை அதிகாரிகள் கண்டிப்பாய்த் தடுத்து, அன்றே மருந்தகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். செத்தவற்றை வேலியோரம் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிட வேண்டும்.