தள்ளு... தள்ளு! பேட்டரி செத்த காரில் பிரேக் ஜாக்கிரதை!

ராத்திரி விளக்கை அணைக்க மறந்தாச்சு. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்' சத்தம்தான்! "நாலு பேரைக் கூப்பிடு, தள்ளு!" என்பார்கள் தெருவில்.

கிளட்ச் உள்ள கார் என்றால் தள்ளலாம். சாவியை 'ஆன்' செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியர் போடணும். வேகம் பிடித்ததும் கிளட்சை 'சடக்'கென விடணும். இஞ்சின் உறுமியதும் மறுபடி மிதிக்கணும்.

ஆனால் கார்புரேட்டர் காலம் போச்சு! இன்றைய காரில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேணும். டேஷ்போர்டு விளக்கே எரியாவிட்டால், ஊரே திரண்டு தள்ளினாலும் வேலைக்கு ஆகாது.

ஆபத்தும் உண்டு. இஞ்சின் ஓடாத காரில் மிதிக்க மிதிக்க பிரேக் கல்லாக இறுகும். ஸ்டீயரிங் கனக்கும். சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்! நெரிசல் ரோட்டிலும் சரிவிலும் தள்ளுவது உயிரோடு விளையாட்டு.

பக்கத்து வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதே உத்தமம்.