ஐந்துகோட்டுக் குறியீட்டில் தமிழ்ப் பாடல்: லிலிபாண்ட் மென்பொருளில் நேரும் அசைவழுக்களும் திருத்தமும்

முன்னுரை

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்போர் பெரும்பாலும் சொற்களைப் பதிப்பித்து மெட்டினைக் கைவிட்டுவிடுகின்றனர். மேலை ஐந்துகோட்டுக் குறியீட்டில் நம் இசையை எழுதும் முயற்சி புதிதன்று, ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-இலேயே அதனை நூலாக்கிக் காட்டினார். அன்று அச்சகத்தின் துணையின்றி இயலாதிருந்த அப்பணியை இன்று ஆய்வாளர் தாமே செய்துகொள்ள லிலிபாண்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. 1996-இல் ஹான்-வென் நியென்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சென் ஆகிய இருவர் தொடங்கிய இம்மென்பொருளில் சுரங்களைச் சுட்டியால் இழுத்து வைப்பதில்லை. எழுத்துக் கோப்பாகத் தட்டச்சிட, மென்பொருள் அதனைப் படித்து இசைத்தாளாக அமைத்துத் தருகிறது. தாலாட்டுப் பாடல்களை இவ்வகையில் எழுத முற்பட்டபோது இவ்வாய்வாளர் எதிர்கொண்ட வழுக்களையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருள் காட்டும் வழுக்கள்

கணக்குப் பிழைகளை லிலிபாண்ட் தானே சுட்டிவிடும். ஒவ்வொரு தாளப்பகுதியின் இறுதியிலும் ஒரு நெடுங்கோடு இட்டுவைத்தால், காலஅளவு பொருந்தாத இடத்தில் வரி எண்ணுடன் எச்சரிக்கை வரும். அதனுடன் வரும் பின்னம் அந்தப் பகுதியில் எவ்வளவு கடந்துள்ளது என்பதைக் குறிக்கும். நான்கு கால்பங்கு கொண்ட தாளத்தில் 3/4 என வந்தால் ஒரு கால்பங்குச் சுரம் குறைகிறது என்று கொள்ளலாம். காலஅளவு எழுதப்படாத சுரம் முந்தைய சுரத்தின் அளவையே ஏற்கும் என்பதை மறப்பதே இதற்குப் பெரிதும் காரணம். அடைப்புக்குறி விடுபட்டால் மட்டும் வரி எண்ணை நம்பலாகாது. பிழை அவ்வரிக்கு மேலேயே இருக்கும்.

எழுத்து சார்ந்த வழுக்களும் எளியவையே. கோப்பு யுடிஎஃப்-8 ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட களப்பணிக் குறிப்புகளை அப்படியே ஒட்டினால் உரோமன் எழுத்துகளின் குவியலே அச்சாகும். மென்பொருளின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. கணினியில் உள்ள வேறொன்றை அது எடுத்துக்கொள்ளும். ஆதலின் எழுத்துருவின் பெயரைக் கோப்பிலேயே குறிப்பிட்டுவிடுவது நன்று.

மென்பொருள் காட்டாத வழு

சிக்கலானது பாடற்சொற்களைச் சுரங்களோடு பொருத்துதல். சொல்லைப் பிரித்து, இடையில் இரட்டைச் சிறுகோடு இட்டு எழுத வேண்டும். சிறுகோட்டின் இருபுறமும் இடைவெளி தேவை. இடைவெளி விடாவிட்டால் முழுச் சொல்லும் ஒரே சுரத்தின்கீழ் அமையும். அடுத்துவரும் சொற்களெல்லாம் முன்னோக்கி நகரும். எந்த எச்சரிக்கையும் வாராது.

சொல்லை எங்கே பிரிப்பது? யாப்பிலக்கணம் கற்றவர்க்கு அசையே முதலில் தோன்றும். இவ்வாய்வாளரும் அவ்வாறே பிரித்தார். தாலாட்டின் இறுதி அடியில் பல சுரங்கள் சொல்லின்றி எஞ்சின. காரணம் வாய்பாடுகளிலேயே உள்ளது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் ஆகிய நான்கும் ஈரசைச் சீர்களே. ஆயினும் பாடுங்கால் தேமா இரண்டு ஒலிப்பகுதிகளையும், புளிமாவும் கூவிளமும் மும்மூன்றையும், கருவிளம் நான்கையும் பெறும். நேரசையில் உயிர் ஒன்று. நிரையசையில் உயிர் இரண்டு. மெல்லிசை மெட்டில் நிரையின் இரு உயிர்களும் தனித்தனிச் சுரம் பெறுவது இயல்பு. எனவே மென்பொருளுக்கு வேண்டியது க - ரு - வி - ளம் என்னும் பிரிப்பேயன்றி, கரு - விளம் என்பதன்று.

இதனால் அலகிடுதல் பயனற்றுப் போகவில்லை. ஓர் அடியின் நேரசைகளின் எண்ணிக்கையோடு நிரையசைகளின் எண்ணிக்கையை இரட்டித்துக் கூட்டினால், அவ்வடிக்கு வேண்டிய ஒலிப்பகுதிகளின் தொகை கிடைக்கும். சுரங்களின் எண்ணிக்கையோடு இதனை ஒப்பிட்டால் வழு எந்த அடியில் தொடங்குகிறது என்பது விளங்கும்.

இருவிடங்களில் இக்கணக்குத் தவறும். ஒன்று, ஓர் உயிரை இழுத்துப் பல சுரங்களில் பாடுதல். அங்குச் சுரங்களை வளைகோட்டால் இணைக்க வேண்டும். வளைகோட்டுக்குள் அடங்கும் சுரங்களுக்கு மென்பொருள் ஒரே ஒலிப்பகுதியை வழங்கும். பாடலின் ஓட்டத்தைக் காட்ட எண்ணி அடி முழுவதற்கும் வளைகோடு இட்டால், அடி முழுவதும் ஒரே எழுத்தோடு நின்றுவிடும். அதற்கெனத் தனியாக உள்ள சொற்றொடர் வளைகோட்டையே பயன்படுத்துதல் வேண்டும்.

மற்றொன்று குற்றியலுகரம். பாட்டு என்பது பிற்கால யாப்பில் இரு நேரசை. ஆனால் ஈற்று உகரத்திற்குத் தனிச் சுரம் தராமல் பாடுவோரும் உளர். அவ்வாறாயின் சொல்லைப் பிரிக்காது எழுத வேண்டும். தொல்காப்பியர் நேர்பு, நிரைபு எனத் தனி அசைகளை வகுத்தமை இங்கு நினைக்கத்தக்கது. களத்தில் கேட்கும் பாட்டுக்குப் பிற்கால அலகீட்டினும் அப்பகுப்பே சில இடங்களில் நெருங்கி நிற்கிறது.

புணர்ச்சியும் பதிப்பும்

நாடடைந்தான் எனப் பாடப்படுவது நான்கு ஒலிப்பகுதி. படிப்போர் நலன் கருதி நாடு அடைந்தான் எனப் பிரித்தால் ஐந்தாகி, பின்வருவன அனைத்தும் ஒரு சுரம் தள்ளிப்போகும். இதற்கு லிலிபாண்டில் வழி உண்டு. டு, அ இரண்டையும் அலைக்குறியால் இணைத்தால் அவை ஒரு சுரத்தின்கீழ் அமைந்து, இடையே சிறு இணைப்புக் கோடு தோன்றும். ஆயினும் அக்கோடு பாடியவர் உகரத்தை ஒலித்தார் என்னும் தோற்றத்தைத் தருகிறது. ஒலிப்பதிவில் உகரம் கேட்கும் இடங்களில் மட்டும் இணைப்புக் குறியையும், முற்றிலும் கெட்ட இடங்களில் புணர்ந்த வடிவத்தையும் இவ்வாய்வாளர் கையாள்கிறார். சொற்பிரிப்பு வடிவம் இசைத்தாளின்கீழ்த் தனிப் பாடமாகத் தரப்படுகிறது.