உத்தரமேரூர்ச் சபையும் அதன் கணக்கும்

உத்தரமேரூர் என்னும் பெயர் நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. ஜனநாயகம் மேனாட்டார் நமக்கிட்ட பிச்சையன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் குடவோலையிட்டுத் தன் ஊரைத் தானே ஆண்டான் என்று பேச வந்தவர் முழங்குவர். கூடியிருப்போர் கரகோஷம் செய்வர். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதம மந்திரியும் இவ்வூரை நினைவூட்டினார். இத்துணைப் புகழ் படைத்த அச்சாஸனங்களை ஆதியோடந்தமாக வாசித்தவர் எத்துணைப் பேர் என்பதே நமது ஐயம். வாசித்திருப்பாராயின், கரகோஷம் செய்யும் இடத்தைச் சிறிது மாற்றிக்கொண்டிருப்பர் என்று நினைக்கிறோம்.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள இச்சிறு நகர், பல்லவர் காலத்தில் அந்தணர்க்கு விடப்பட்ட பிரமதேயம். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பழம்பெயர். வயிரமேக தடாகம் என்னும் பேரேரியே ஊருக்கு உயிர். அதனைத் தூரெடுத்துக் கரைகாக்கும் பொறுப்பு, சோழர் வருமுன்னரே, சபையினிடத்து இருந்தது. ஆதலின் சபையைப் பராந்தகன் படைத்தான் என்பது பிழை. பழகி வந்த சபைக்கு எழுதப்பட்ட ஒழுங்குமுறையே நாம் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிற் காண்பது. அதனை வி. வெங்கய்யா 1904-05ஆம் ஆண்டுத் தொல்பொருள் இலாகா அறிக்கையில் வெளியிட்டார், பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார்.

சாஸனங்கள் இரண்டு. முதலாவது பராந்தகனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், எழுந்தது, இரண்டாவது 14ஆம் ஆண்டில், கி.பி. 921இல். இரண்டே ஆண்டுகளில் மறுமுறை எழுதவேண்டிய அவசியம் யாது? நாம் வழக்கறிஞர் தொழிலிற் பழகியவராதலின் இவ்வினாவே முதலில் எழுந்தது. ஒரு சட்டம் பிறந்த விரைவிலேயே திருத்தப்படுமாயின், அதில் எவரோ ஓட்டை கண்டு நுழைந்திருக்கின்றனர் என்பது பொருள். முதற் சாஸனம் 30க்கு மேல் 60க்குள் என்று வகுத்த வயதெல்லை, இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள் என மாறியது. மற்ற விதிகளும் விரிந்தன. துஷ்டர் அழியவும் நல்லோர் தழைக்கவும் இவ்வேற்பாடு செய்யப்பட்டதென்று சாஸனமே கூறுகிறது. தங்களுள் துஷ்டர் இருந்தனர் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த அச்சபையாரின் நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

தேர்தல் நடந்த விதம் பலரும் அறிந்ததே. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்திலிடுவர். பாலரும் விருத்தரும் உட்படச் சபை முழுதும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்றறியாத பாலன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்திற் பெய்து குலைக்கப்படும். அதிலிருந்து ஓரோலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். மடக்கிய விரலுக்குள் மற்றோரோலை ஒளிந்திருக்கலாமன்றோ! இவ்வொரு விதியை எழுதியவர், மனித சுபாவத்தை நன்கறிந்தவர். இவ்வாறு வந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்ஸர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் நிரம்பியதும் விலகல் வேண்டும். இடையே குற்றங் கண்டால் அக்கணமே நீக்கம்.

ஆயினும் குடத்தையும் பாலனையும் விட நம்மைக் கவர்ந்தது வேறொன்று. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது விதி. அவன் மட்டுமன்று, அவனுடைய தந்தை, மகன், சகோதரன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவன், அவள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், சிற்றன்னை பெரியன்னை மக்கள் ஆகிய ஒருவர் பெயரும் இடலாகாது! ஒருவன் செய்த பிழைக்குச் சுற்றத்தாரைத் தண்டிப்பது இக்கால நீதிக்கு ஒவ்வாது. வழக்கு வந்தால் நாமே எதிர்த்து வாதிடுவோம். எனினும் தான் விலகி மைத்துனனை அமர்த்தித் தானே ஆளும் தந்திரம் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்ததென்று இதனால் அறிகிறோம். மூன்றாண்டு வாரியஞ் செய்யாதிருந்தவனே மறுபடி வரலாம் என்ற விதியும் இதற்குத் துணை.

இனி, மறைக்கலாகாத மறுபக்கத்தையும் கூறுவோம். வரியிறுக்கும் கால்வேலி நிலமேனும், சொந்த மனையில் வீடும், வேத சாஸ்திரப் பயிற்சியும் உடையவனே குடவோலைக்கு உரியவன். கல்வி மிகுந்தவனுக்கு அரைக்கால் வேலி நிலம் போதும். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, அந்தணரல்லாதாருக்கு அந்த மண்டபத்தில் ஆசனமேயில்லை. இதனை வயது வந்தோர் யாவரும் வாக்களிக்கும் ஜனநாயகத்தோடு ஒன்றாக வைத்துப் பேசுவது, முன்னோரைப் புகழ்வதாக எண்ணி உண்மையை இகழ்வதாகும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராம சமூகங்களைக் கடிந்துரைத்தபோது பலர் மனம் புண்பட்டனர். சபையின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வழியில் வந்த ஒருவர் வேறு எவ்வாறு பேசியிருப்பார்?

இப்பேதங்களை நீக்கி, தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே நிலைபேறு அளித்தவை 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் திருத்தங்கள். ஐந்தாண்டுக் காலவரை முடியுமுன்னே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டுமென்றும் அவை விதித்தன. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல், இட ஒதுக்கீட்டு விதிகள் சரிவரப் பின்பற்றப்படாமையின், சென்னை உயர்நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. அம்மாதமே மன்றங்களின் காலம் முடிந்து, தனி அதிகாரிகள் நிர்வாகம் ஏற்றனர். நகர்ப்புற மன்றங்களுக்கு மறுதேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19இல். ஐந்தாண்டுக்கு மேல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் ஒருவருமில்லை. உத்தரமேரூரும் அவற்றுள் ஒன்று. டில்லியில் அதன் பெயர் புகழப்பட்ட அந்த 2020 டிசம்பரில், அவ்வூரில் கூடுதற்கு ஒரு சபை இருக்கவில்லை!

அக்காலத்து வரவுசெலவைத் தணிக்கை இலாகா பார்த்திருக்கலாம். ஊராரின் பிரதிநிதிகள் கேட்கும்படி, ஊர் மண்டபத்தில், அக்கணக்கை வாசித்தவர் யார்? இப்பொழுதேனும் அதனை ஆண்டுவாரியாக அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கும்படி அவ்வூர் வரியிறுப்போர் ஒரு விண்ணப்பம் எழுதட்டும்.