அட்டையில் இன்னும் நாலு மாத்திரைதான்... வலிக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மாமல்லபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாறில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மாமியாரை மருமகள் தன் வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. 'இந்த உடம்போடு இனி ஐம்பது கிலோமீட்டர் அலைய வேண்டாம், இங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று குடும்பமே கூடி எடுத்த முடிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாத்திரை டப்பாவைத் திறந்தால், மார்ஃபின் அட்டையில் நாலுதான் மிச்சம்.

"மெடிக்கல்ல கேட்டேன் அத்தை. இதை நாங்க வைக்கிறதே இல்லைன்னுட்டாங்க."

"சரி விடும்மா. ராத்திரிக்கு ஒண்ணு மட்டும் போட்டுக்கறேன். மத்ததைத் திங்கட்கிழமை வரைக்கும் வச்சு ஓட்டிடலாம்."

இந்தச் சிக்கனம்தான் ஆபத்து. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரத்துக்குத்தான். நாலு மாத்திரை என்பது ஒரு நாளைக்கே போதாது. வாரக்கணக்கில் சாப்பிட்டுவந்த உடம்புக்கு அது திடீரென்று நின்றால், ஒரு நாளைக்குள் வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத தவிப்பு எல்லாம் வரிசையாக வரும். அடங்கியிருந்த வலியும் திரும்பிவிடும். பார்ப்பவர்கள், "போதைக்கு அடிமையாயிட்டாங்க போலிருக்கே" என்று கிசுகிசுப்பார்கள். அது அடிமைத்தனம் இல்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரும் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

மெடிக்கலில் ஏன் இல்லை?

கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மருந்துக்கான அபினை அரசு உரிமத்தோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவிக்கும் நாடு இது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபின் வாங்கி வைக்க மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தண்டனைக்குப் பயந்து மருத்துவமனைகளே ஒதுங்கிக்கொண்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவிகிதம் சரிந்தது.

கேரளத்தில் 2003-ல் 'பேலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகியவை 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற பட்டியலில் வந்தன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பல உரிமங்களுக்கு அலையாமல் இவற்றை வைத்துக்கொள்ளலாம். சட்டம் இளகிவிட்டது. பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால்தான் தெருமுனைக் கடையில் இது கிடைப்பதில்லை.

புது டாக்டரின் தயக்கம்

எங்கிருந்தோ வந்த ஒருவர், எடுத்த எடுப்பில் மார்ஃபின் கேட்டால் எந்த டாக்டரும் யோசிப்பார். இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வாளர்கள் நோயாளியின் உறவினர்போல 194 கிளினிக்குகளுக்கு ஃபோன் செய்து, ஓபியாய்டு வகை வலிமருந்து எடுக்கும் ஒருவரைப் புது நோயாளியாகச் சேர்ப்பீர்களா என்று கேட்டார்கள். சுமார் 40 சதவிகித கிளினிக்குகள் முடியாது என்றன. 2019-ல் வெளியான ஆய்வு இது. இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்துவதால் தாங்க முடியாத வலியும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரித்ததும் அதே ஆண்டுதான்.

தயக்கத்தைக் கரைப்பது கெஞ்சலோ கோபமோ இல்லை, காகிதம். பழைய டாக்டரிடமிருந்து விடைபெறும்போதே ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எப்போது தொடங்கியது, கடைசியாக எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "பழைய ரிப்போர்ட் எல்லாம் இருக்கு சார்" என்று ஒரு கட்டைப் பையைக் கொட்டுவதைவிட அந்த ஒரு பக்கம் மேல். புது டாக்டரைப் பார்த்து முடிக்கும்வரை தாங்குகிற அளவுக்கு மாத்திரையும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு?

பழைய டாக்டரிடம் திரும்பவே முடியாத கசப்பு இருந்தாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் மார்ஃபின் இருக்கும்வரை சீட்டும் அதோடு இருக்கட்டும்.

கல் உளி பிடித்த கை

கடற்கரைப் பக்கம் இன்னொரு கதையும் உண்டு. நாளெல்லாம் குனிந்து உளி பிடிக்கும் சிற்பிக்கும், வலை இழுக்கும் மீனவருக்கும் இடுப்புவலி புதிதல்ல. அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் டிரமடால். 2018 முதல் இதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

புதிதாகப் பார்க்கும் டாக்டர், "இடுப்புவலிக்கு இது நெடுநாள் வேண்டாம், குறைப்போம்" என்றால் அவர் எதிரி இல்லை. பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் 'குறைப்பது' வேறு, 'இன்றோடு நிறுத்து' வேறு. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவிகிதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே நல்லது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். அந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மறைக்கவே கூடாத சில விஷயங்களும் உண்டு. டிரமடாலோடு சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் வலிப்பு வரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகிப்போனால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் வலிமருந்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவோம். மாத்திரையைப் பாதியாக உடைத்து ஓட்டுவதற்கு முன், செய்ய வேண்டியது பழைய மருத்துவமனைக்கு ஒரு ஃபோன். பிறகு, திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வலி நிவாரணச் சிகிச்சைக்கு யாரை, எந்த நாளில் பார்க்க வேண்டும், மார்ஃபின் இருப்பு உண்டா என்று விசாரிக்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம்.

திங்கட்கிழமைவரை காத்திருக்க முடியாத வலி என்றால், அத்தையை அழைத்துக்கொண்டு ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடலாம். கையில் கடிதமும், அந்தக் காலி அட்டையும் இருக்கட்டும்.